திரையில் அளந்ததும் கையில் வந்ததும்

திரையில் அளக்கும் ரூலரோடு மூன்று பேர் பட்ட பாடு, ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது.

அண்ணாநகரில் இருந்து:

ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருளுக்குத் திரை வடிவமைக்கிறேன். இரண்டு பட்டன்களுக்கு நடுவே 24 பிக்சல் (திரைப் புள்ளி) விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அதை நிரலாக எழுதும் தம்பி ஒருவர் செய்து அனுப்பினார். பார்த்ததுமே ஏதோ அகலமாகப் பட்டது. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் பவர்டாய்ஸ் கருவிகளில், திரையில் பிக்சல் எண்ணும் ஸ்கிரீன் ரூலரைத் திறந்து அளந்தால் 30. பக்கத்தில் 16 இருக்க வேண்டிய இடத்தில் 20. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் 10. விடுவேனா? ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்புக் கோடு போட்டு ஏழெட்டு இடத்தைச் சுட்டிக்காட்டி அனுப்பிவிட்டேன்.

அவர் பதிலுக்கு ஒரே வரிதான் கேட்டார்: “அண்ணே, உங்க லேப்டாப் ஸ்கேலிங் எவ்வளவு?”

125 சதவீதம். அதாவது விண்டோஸ் எல்லாவற்றையும் ஒன்றேகால் மடங்கு பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. 24-ஐ ஒன்றேகாலால் பெருக்கினால் 30. ரூலர் திரையில் உண்மையாக எரியும் பிக்சலைத்தான் எண்ணியிருக்கிறது, பிசகியது நான்தான். எல்லா இடத்திலும் சரியாகக் கால் பங்கு கூடுகிறதே, அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா! அன்று டீ என் கணக்கு. இப்போது அளப்பதற்கு முன் ஸ்கேலிங்கை 100-க்கு மாற்றிக்கொள்கிறேன். சோம்பலாக இருந்தால் வந்த எண்ணை 1.25-ஆல் வகுத்துக்கொள்வேன்.

சிம்மக்கல்லில் இருந்து:

உங்களுக்கு டீயோடு போயிற்று. எனக்கு 500 கல்யாணப் பத்திரிகை போனது.

முகூர்த்த சீசன், பத்திரிகை வடிவமைக்கும் என் கடையில் நிற்க இடமில்லை. பெண்ணின் அப்பா சட்டைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து மானிட்டர் மேலேயே வைத்துவிட்டார். “தம்பி, எட்டு இஞ்ச் கார்டுன்னு சொன்னீங்க, ஏழரைதானே இருக்கு?” நான் வடிவமைக்கும் கோரல் டிரா மென்பொருளில் 8 இஞ்ச் என்றுதான் இருந்தது. ஆனால் ஸ்கேல் கண் முன்னால் இருக்கிறதே. நானும் ஓர் ஆன்-ஸ்கிரீன் ரூலரை இறக்கி ஒட்டிப் பார்த்தேன். அது எட்டு என்றது. மென்பொருளை நம்புவதா, இரும்பை நம்புவதா? இரும்பை நம்பினேன். எட்டரைக்கு இழுத்ததும் ஸ்கேலில் சரியாக 8 காட்டியது. அவருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

சிவகாசியில் அச்சாகி வந்த பிறகு பார்த்தால் கார்டு கவருக்குள் போகவில்லை. கட்டிங்கில் ஓரத்தை வெட்டினால் சுற்றுக் கரை போய்விடும். மறுபடி அடித்த செலவு முழுக்க என் தலையில்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் மானிட்டர் 21.5 இஞ்ச், 1920-க்கு 1080 பிக்சல். ஓர் இஞ்சுக்கு ஏறக்குறைய 102 பிக்சல் வருகிறது. ரூலரும் 100 சதவீத ஜூமும் இஞ்சுக்கு 96 என்று வைத்துக்கொண்டு ஓடுகின்றன. எட்டு இஞ்சுக்கு 768 பிக்சல். அது என் கண்ணாடி மேல் ஏழரை இஞ்ச் இடம்தான் அடைக்கும். ஸ்கேல், ரூலர் இரண்டும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு இஞ்ச் வைத்திருந்தன.

திருமங்கலத்தில் இருந்து:

சிம்மக்கல் அண்ணே, ஏடிஎம் கார்டை மானிட்டரில் வைத்துப் பாருங்கள். அதன் அகலம் எந்த வங்கியானாலும் 85.6 மில்லிமீட்டர். என் 15.6 இஞ்ச் லேப்டாப்பில் அது 476 பிக்சல் பிடிக்கிறது. 96 கணக்கில் ஓடும் ரூலர் அதைக் கிட்டத்தட்ட 5 இஞ்ச் என்கிறது, உண்மையில் மூன்றரை கூட இல்லை! கோரலிலேயே ரூலரைக் கேலிப்ரேட் செய்ய, அதாவது உண்மை இஞ்சுக்குச் சரிசெய்ய, வழி இருக்கிறது, ஜூம் டூலின் ஆப்ஷன்ஸில் தேடுங்கள்.

அண்ணாநகர் அண்ணனுக்கு ஒன்று. நிழல் விழுந்த பட்டன், நிறம் மெல்ல மாறும் கிரேடியன்ட் பின்னணி இதிலெல்லாம் ஸ்கிரீன் ரூலர் பாதியிலேயே நின்றுவிடும். நிறம் மாறும் இடத்தை ஓரம் என்று எடுத்துக்கொள்கிறது. மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் அந்தக் கண்டிப்பு தளரும். ஒரு வாரம் இது தெரியாமல் திட்டிக்கொண்டிருந்தேன்.

சிம்மக்கல்லில் இருந்து:

கேலிப்ரேட் செய்துவிட்டேன் தம்பி, நன்றி. ஆனாலும் யாராவது சட்டைப் பைக்குள் கையை விட்டால் உடனே வெள்ளைத் தாளில் டம்மி வெட்டி, கவரோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிடுகிறேன்.