ஃபின்னிஷ் தெரிந்தவர்கள் உதவுங்களேன்: 'மூத்துஆ' எங்கே வரும்?

வணக்கம். ஃபின்னிஷ் கற்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. 'மூத்துஆ' என்ற வினையில் மாட்டிக்கொண்டேன்.

நம் மாறு, மாற்று போலத்தான் அங்கேயும். 'மூத்துஆ' என்றால் தானாக மாறுவது, 'மூத்தா' என்றால் ஒன்றை மாற்றுவது. இதுவரை சரி. ஆனால் வீடு மாறிப் போவதற்கும் 'மூத்தா'தான்! அது தெரியாமல், தம்பெரெ நகரத்துக்குக் குடிபெயர்ந்தேன் என்று எழுத வேண்டிய இடத்தில் 'மூத்தின்' போடாமல் 'மூத்துயின்' போட்டுவிட்டேன். நானே உருமாறிவிட்டதாக அர்த்தமாம். வகுப்பே சிரித்தது.

அப்புறம், எதுவாக மாறியதோ அந்தச் சொல்லோடு 'க்ஸி' சேர்கிறது. 'வெசி மூத்துய் யாக்ஸி' என்றால் தண்ணீர் பனிக்கட்டியாக மாறியது. (வெசியில் எ குறில், தயவுசெய்து நீட்டிவிடாதீர்கள்.) நம் 'ஆக' மாதிரியே இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். ஆனால் ஒருவர் ஆசிரியரானார் என்பதற்கு 'ஹானெஸ்தா துலி ஒப்பெத்தயா' என்கிறார்கள். அதாவது, 'அவரிலிருந்து ஆசிரியர் வந்தார்'!

என் கேள்வி இதுதான்: வானிலை குளிராக மாறியது என்று சொல்ல 'மூத்துய் கூல்மாக்ஸி', 'கூல்மெனி' இரண்டும் உண்டு. அன்றாடப் பேச்சில் எது இயல்பு? எடுத்துக்காட்டோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.