மூன்று ஃபங்ஷன் இருந்தும் "டிவைஸ் பிஸி": டிவி கார்டு டிரைவர் ஏன் பூட்டுகிறது?

ஆந்தைக்கண்:
லினக்ஸ் கணினியில் செருகிய என் டிவி கார்டில் சிஎக்ஸ்23883 சிப். எல்எஸ்பிசிஐ (பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை) போட்டால் 0 வீடியோ, 1 ஆடியோ, 2 எம்பெக் (சுருக்கிய வீடியோ) என்று தனித்தனி ஃபங்ஷன்கள், அதாவது ஒரே சிப் கணினிக்குத் தனித்தனி சாதனங்களாகக் காட்டும் பகுதிகள். ஆனால் என்கோடர் (அனலாக் படத்தை எம்பெக்காகச் சுருக்கும் சிப்) வழியாக அனலாக் சேனல் பதிவாகும்போது டிஜிட்டல் பக்கத்தைத் திறந்தால் "டிவைஸ் பிஸி". வன்பொருளே பிரித்துக் கொடுத்ததை டிரைவர் எதற்குப் பூட்டுகிறது? சோம்பேறித்தனம்.

செம்புக்கம்பி:
நீங்கள் திறந்த இரண்டுமே ஃபங்ஷன் 2 தான், நண்பரே. என்கோடர், டிஜிட்டல் டீமாடுலேட்டர் (டிஜிட்டல் அலையிலிருந்து ஸ்ட்ரீமைப் பிரித்தெடுப்பது) இரண்டும் அதே எம்பெக் போர்ட்டில்தான் வந்து முட்டுகின்றன. எது உள்ளே வரவேண்டும் என்பதை ஜிபிஐஓ பின் (டிரைவர் ஆன், ஆஃப் செய்யும் சிப்பின் கால்) மாற்றிவிடுகிறது. அதனால் என்கோடருக்கான சிஎக்ஸ்88-பிளாக்பேர்ட், டிஜிட்டலுக்கான சிஎக்ஸ்88-டிவிபி ஆகிய இரு டிரைவர்களும் ஃபங்ஷன் 2-ஐ நிர்வகிக்கும் சிஎக்ஸ்8802 டிரைவரிடம் அனுமதி கேட்டுத்தான் வரவேண்டும். கேட்காமல் விட்டிருந்தால் உங்கள் பதிவு பாதியில் குப்பையாகியிருக்கும்.

ஆந்தைக்கண்:
சரி, போர்ட் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாமே? "டிவைஸ் பிஸி" என்பதற்கான பிழை எண் 16 மட்டும் வருகிறது. எந்த நிரலை மூடுவது என்று ஒவ்வொன்றாகத் தேடினேன்.

பழையபெட்டி:
பிடி878 என்ற பழைய டிவி சிப் காலத்தில் இதைவிட மோசம். அதில் ஃபங்ஷன் 1 ஆடியோ. அனலாக் கார்டில் ஒலி டிரைவர் அதைக் கேட்கும். டிஜிட்டல் கார்டில் ஸ்ட்ரீமே அதே வழியாக வரும் என்பதால் டிவிபி (டிஜிட்டல் டிவி) டிரைவரும் கேட்கும். ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு டிரைவர்தான், முதலில் ஏறியவனுக்கு இடம். கடைசியில் ஒலி டிரைவருக்குள்ளேயே "இந்த கார்டுகளைத் தொடாதே" என்று பட்டியல் எழுத வேண்டியதாயிற்று.

ஆந்தைக்கண்:
நான் சொல்வதும் அதுதானே! ஃபங்ஷனைப் பார்த்து உரிமை கொடுப்பதே தவறு. டியூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி), போர்ட் என்று பொருளைப் பார்த்துப் பூட்ட வேண்டும்.

செம்புக்கம்பி:
அந்த வழியில் வேலை நடந்திருக்கிறது. யுஎஸ்பி டிவி குச்சிகளுக்கான ஏயூ0828 டிரைவரில் வீடியோ, ஒலி, டிஜிட்டல் மூன்றும் மீடியா கன்ட்ரோலர் (கர்னலில் மீடியா சாதனத்தின் பகுதிகளையும் இணைப்புகளையும் கவனிக்கும் அமைப்பு) மூலம் ஒரே டியூனரைக் கேட்டு வாங்குகின்றன. ஒலி டிரைவர் தனி மாட்யூல் என்பதால் இரு டிரைவர்களுக்கும் பொதுவான சாதனப் பதிவேடு தேவைப்பட்டது. அது 2019-இல், கர்னல் 5.2-இல் வந்தது. பழைய பிசிஐ டிரைவர்களை அப்படித் திருத்த யாருக்கு நேரம்?

ஆந்தைக்கண்:
அப்படியானால் காம்போசிட் உள்ளீட்டை (வெளிப் பெட்டியிலிருந்து கம்பி வழி வரும் அனலாக் படம்) ஃபங்ஷன் 0-இல் பார்த்துக்கொண்டே டிஜிட்டலைப் பதிவு செய்யலாமா? அதற்கு டியூனரே வேண்டாமே.

செம்புக்கம்பி:
டியூனர் வேண்டாம்தான். ஆனால் உள்ளீட்டை மாற்றும்போது வீடியோ டிரைவரும் அதே ஜிபிஐஓ ரெஜிஸ்டரில்தான் (பின்களின் நிலையை வைத்திருக்கும் சிப்பின் நினைவிடம்) எழுதும். டீமாடுலேட்டரைக் கட்டுப்படுத்தும் பின்னும் அதில் இருக்கிறது. முக்கியமான பதிவு ஓடும்போது சோதித்துப் பார்க்காதீர்கள்.