வெள்ளவத்தைப் பொடியனும் குடும்பிமலைப் பட்டியும்

காட்டு அனுபவம் என்றால் என்னுடையதை விட என் அக்கா மகனுடையதுதான் சொல்லத் தகுந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்தவன், ஏழாம் ஆண்டு படிக்கிறான். தண்ணீர் என்றால் போத்தல், நெருப்பு என்றால் காஸ் அடுப்பு.

ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்தவனை மட்டக்களப்புக் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் தாண்டி, குடும்பிமலைப் பக்கம் எங்கள் மாட்டுப் பட்டிக்குக் கூட்டிப் போனேன். மாரியில் அந்தப் பாதை வெள்ளத்தில் போய்விடும், தோணிதான். கோடையில் ஒரே புழுதி.

பட்டி பார்க்கும் பெரியவர் அதிகம் பேச மாட்டார். இவன் "தண்ணி விடாய்க்குது" என்றதும், "ஆறு அங்கதானே கிடக்கு, மனே" என்று வெறும் மணலைக் காட்டிச் சிரட்டையைக் கையில் கொடுத்தார். பகிடி விடுகிறார் என்றுதான் பொடியன் நினைத்தான். முழங்கை ஆழம் தோண்டியதும் மணல் ஈரமானது, கரை சரிந்து சரிந்து விழுந்தது, பிறகு கலங்கலாக ஊறியது. குடிக்கக் குனிந்தவனைத் தோளில் பிடித்து நிறுத்தினார்.

"முதல் தண்ணி மண்ணுக்கு. இறைச்சு ஊத்து, மறுகா பார்."

நாலைந்து தரம் இறைத்த பிறகு தெளிந்தது. அதையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கக் கொடுத்தோம். அந்த நெருப்பு மூட்டுவதற்குள் அரைப் பெட்டி நெருப்புக்குச்சி தீர்ந்தது! மொத்தக் கட்டையில் நேரே குச்சியை வைத்தால் பற்றுமா? நான் வாய் திறக்கப் போனேன், பெரியவர் கண்ணைக் காட்டினார். கடைசியில் அவனே சருகும் சுள்ளியும் பொறுக்கி வந்தான். எனக்கென்றால் அவ்வளவு பொறுமை கிடையாது.

பின்னேரம் பாலைப்பழம் தேடிப் போன வழியில் யானை லத்தி கிடந்தது. "சூடு இருக்கா பார்" என்றார். முகத்தைச் சுளித்துக்கொண்டே கையை வைத்தவன் வெடுக்கென்று எடுத்து, "இருக்கு" என்றான். "அப்ப என்ன செய்வம்?" என்று அவனையே கேட்டார். சூடு ஆறவில்லை என்றால் யானை கிட்டத்தில்தான், வந்த வழியே திரும்பினோம். முடிவெடுத்தது அவன்தான். பழம் மறுநாள் காலை கிடைத்தது, பால் ஒட்டி உதடு இரண்டும் பிசுபிசுக்கத் தின்றான்.

பாம்பைத்தான் அக்கா பயந்தாள். என்னைக் கேட்டால் பொழுதுபட்ட நேரத்து யானையும் குளத்து முதலையும்தான் பயம். பிள்ளைகளைக் கொண்டுபோவதென்றால் ஐப்பசி மழைக்கு முன், இடம் தெரிந்த ஒருவரோடு போங்கள். குளத்தில் மட்டும் இறங்க விடாதீர்கள்.