ஆச்சி வீடு குழு: மார்கழிக்கு முன் ஒரு லேப்டாப்

வியாழன், 11 டிசம்பர் 2025

இரவு 7:42 | கயல்: எல்லோருக்கும் ஒரு செய்தி. ஆபீஸிலிருந்து மெயில் வந்துவிட்டது. ஜனவரி 5, திங்கள்கிழமை சேர வேண்டும். லேப்டாப் மட்டும் சொந்தமாகக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அதற்கு மாதம் 2,000 சம்பளத்தோடு சேர்த்துத் தருவார்களாம்.

இரவு 7:43 | வசந்தி அத்தை: வாழ்த்துகள் தங்கம்

இரவு 7:43 | பெரியப்பா: வாழ்க வளமுடன் 🙏🙏

இரவு 7:44 | அம்மா: கம்பெனிதானே தரணும்

இரவு 7:44 | ரமேஷ் அண்ணன்: பதினைந்து பேர் இருக்கிற இடம் சித்தி. அங்கே இப்படித்தான்.

இரவு 7:45 | பிரபு: என்னோடது சும்மாதான் கிடக்கு. எடுத்துக்கோ

இரவு 7:45 | அப்பா: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்

இரவு 7:46 | பெரியப்பா: எது, கொரோனாவில் ஆன்லைன் வகுப்புக்கு என்று வாங்கியதா

இரவு 7:46 | அம்மா: அதில் பாதி ரூபாய் திருப்பிக் கொடுத்தாச்சு அத்தான்

இரவு 7:47 | பெரியப்பா: ரூபாயைக் கேட்கவில்லை. பொருளைக் கேட்டேன்.

இரவு 7:47 | பிரபு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

இரவு 7:48 | வசந்தி அத்தை: என்னடா அழிச்ச

இரவு 7:48 | பிரபு: ஒன்னுமில்ல அத்தை

இரவு 7:52 | கயல்: அப்பா, அது வேண்டாம். இன்டர்ன்ஷிப் நான்கு மாதமும் அதைத்தான் சுமந்தேன். காலையில் செங்கல்பட்டு ரயிலில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். ஒருநாள் கிண்டி படியில் ஏறும்போது பை வார் அறுந்துவிட்டது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் செருப்பு தைக்கும் தாத்தாதான் மெழுகு நூலில் இரண்டு வரிசை ஓட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தத் தையல்தான் தாங்குகிறது.

இரவு 7:53 | அம்மா: இதை ஏன் என்னிடம் சொல்லல

இரவு 7:53 | வசந்தி அத்தை: என்கிட்டயும் சொல்லல அண்ணி. பை பழசாயிட்டு என்றுதான் சொன்னா

இரவு 8:10 | அப்பா: கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். லேப்டாப் 2.465

இரவு 8:10 | அப்பா: சார்ஜர் 0.780

இரவு 8:11 | அப்பா: மூன்றேகால் கிலோ

இரவு 8:11 | வசந்தி அத்தை: அதோடு நான் கட்டிக் கொடுக்கிற சாப்பாடு, தண்ணீர் பாட்டில்

இரவு 8:12 | அப்பா: பிள்ளை ஒரு வார்த்தை சொல்லலையே

இரவு 8:13 | பிரபு: உள்ளே கிராபிக்ஸ் கார்டு இருக்கு. கனம் இருக்கத்தான் செய்யும்

இரவு 8:24 | ரமேஷ் அண்ணன்: அங்கேதான் விஷயமே இருக்கிறது. கயல் எழுதப்போவது ஆண்ட்ராய்டு ஆப். அதற்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அந்த கார்டு, அதைக் குளிர்விக்கிற ஃபேன், அதற்குக் கரண்ட் கொடுக்கிற செங்கல் மாதிரி சார்ஜர், எல்லாம் சேர்ந்ததுதான் சித்தப்பா தராசில் பார்த்த மூன்றேகால் கிலோ. பவர்ஃபுல் என்று கடைக்காரர் சொன்னால் எதில் என்று கேட்க வேண்டும். நம் வேலைக்கு முதலில் வேண்டியது மெமரி, அதாவது ரேம். ஆப் எழுதுகிற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மட்டும் என்றால் குறைந்தது 8 ஜிபி, லேப்டாப்பிலேயே போன் மாதிரி ஓடுகிற எமுலேட்டரும் சேர்த்து ஓட்ட 16 என்று கூகுளே போட்டிருக்கிறது. இவளுக்கு அதற்கு மேல் டாக்கரும் ஓட வேண்டும், அதாவது ஒரு புரோகிராமை அதற்கு வேண்டியதோடு இமேஜ் என்று ஒரே பொட்டலமாகக் கட்டி ஓட்டுகிற மென்பொருள். விண்டோஸில் டாக்கருக்குக் கீழே ஒரு லினக்ஸ் ஓடும். நாம் அளவு வைக்காவிட்டால் இருக்கிற ரேமில் பாதி வரை அது எடுத்துக்கொள்ளும். பிறகு குரோமில் முப்பது டேப். 8 ஜிபி என்றால் எமுலேட்டர் திறக்கிற வரைக்கும் டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் 16க்குக் கீழே பேசவே வேண்டாம், முடிந்தால் 32.

இரவு 8:25 | வசந்தி அத்தை: 👍

இரவு 8:25 | அம்மா: சரிப்பா

இரவு 8:26 | சுதா மதினி: ஏங்க, அவங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்க

இரவு 8:31 | ரமேஷ் அண்ணன்: சித்தப்பா கடையையே எடுத்துக்கொள்வோம். கிட்டங்கி இருக்கிறது, முன்னால் மேசை இருக்கிறது. கிட்டங்கிதான் எஸ்எஸ்டி, சரக்கு எல்லாம் அங்கே. மேசைதான் ரேம். தீபாவளி நேரத்தில் நான்கு பேர் சிட்டை ஒரே சமயத்தில் மேசையில் பரப்ப இடம் இல்லை என்றால், ஒருவர் சரக்கை உள்ளே தள்ளிவிட்டுத்தான் அடுத்தவர் சரக்கை எடுக்க முடியும். ஆள் எவ்வளவு வேகமாக இருந்தாலும் கூட்டம் நிற்கும்.

இரவு 8:32 | அப்பா: புரியுது. மேசை பெருசா வேணும்

இரவு 8:33 | அப்பா: பிறகு ஒரு பலகை சேர்த்துப் போட முடியாதா

இரவு 8:38 | ரமேஷ் அண்ணன்: சரியான கேள்வி சித்தப்பா. இப்போது வரும் மெலிந்த லேப்டாப்களில் பெரும்பாலும் முடியாது. ரேமை போர்டிலேயே சால்டர் பண்ணிவிடுகிறார்கள். மேக்புக் ஏரில் எஸ்எஸ்டியும் அப்படியே. வாங்குகிற அன்று எடுத்த அளவுதான் கடைசி வரை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இரவு 8:39 | பெரியப்பா: சால்டர் பண்ணினால் கழற்ற முடியாது. மின்வாரியத்தில் முப்பது வருஷம் பார்த்தவன் நான். அப்போ சால்டர் இல்லாததை வாங்குங்கள்.

இரவு 8:40 | பெரியப்பா: (முன்னனுப்பப்பட்டது) மக்களுக்கு மகிழ்ச்சி!! ஜிஎஸ்டி குறைப்பால் லேப்டாப் விலை 10% சரிவு!! உடனே பகிரவும்!!

இரவு 8:42 | ரமேஷ் அண்ணன்: அப்பா, அது தவறு. லேப்டாப்புக்கு முன்பும் 18, இப்போதும் 18தான். செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18க்கு இறங்கியது பெரிய டிவி, ஏசி, சின்ன கார் எல்லாம்.

இரவு 8:42 | வசந்தி அத்தை: ஏசி குறைஞ்சிருக்கா

இரவு 8:43 | வசந்தி அத்தை: இவங்க போன வருஷமே வாங்கினாங்க. நான் பொறுங்கன்னு சொன்னேன்

இரவு 8:44 | செங்கல்பட்டு மாமா: போன வருஷ வெயில் போன வருஷம்தானே அடித்தது

இரவு 8:46 | பெரியப்பா: அரசு லேப்டாப் திரும்பத் தருகிறார்கள் என்று பேப்பரில் வந்ததே. கயலுக்குக் கிடைக்காதா

இரவு 8:50 | ரமேஷ் அண்ணன்: அது இப்போது கல்லூரியில் படிப்பவர்களுக்கு அப்பா. இந்த வருட பட்ஜெட்டில் இரண்டு வருடத்தில் 20 லட்சம் பேருக்கு என்று அறிவித்தது. கயல் மே மாதமே முடித்துவிட்டாள். எனக்குப் பிளஸ் டூவில் கிடைத்தது ஞாபகம் இருக்கிறதா? 2011இல் தொடங்கிய திட்டம். பள்ளிக்கூடத்துக்கு நீங்கள்தான் லீவு போட்டு வந்து வாங்கித் தந்தீர்கள். நான் முதல் சி புரோகிராம் எழுதியது அதில்தான்.

இரவு 8:52 | பெரியப்பா: பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாய். மறக்குமா

இரவு 8:53 | ஆச்சி: (குரல் பதிவு 1:12)

இரவு 8:55 | கயல்: ஆச்சி… ❤️

இரவு 8:56 | செங்கல்பட்டு மாமா: ரயிலில் இருக்கேன், கேட்க முடியல. யாராவது சொல்லுங்க

இரவு 8:57 | அம்மா: அத்தை சீட்டு எடுத்த பணத்தில் இருபதாயிரம் தர்றாங்களாம். பேத்தி முதல் வேலைக்குப் போகும்போது தோளில் கனம் இருக்கக் கூடாதாம்

இரவு 8:57 | அம்மா: அப்புறம் மார்கழி பிறக்கிறதுக்குள்ள வாங்கிடணுமாம்

இரவு 8:58 | வசந்தி அத்தை: ஆமா. செவ்வாய்க்கிழமை மார்கழி ஒன்று

இரவு 8:58 | பிரபு: தையில் வாங்கினா என்ன

இரவு 8:58 | கயல்: 5ஆம் தேதி சேரணும்டா

இரவு 9:03 | ரமேஷ் அண்ணன்: ஆச்சி சொன்னது ஒருவகையில் சரிதான். தள்ளிப் போட வேண்டாம். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி எல்லாம் போவதால் ரேம் விலை சில மாதமாக ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்த மாதத் தொடக்கத்தில்தான் மைக்ரான் தன் குரூஷியல் பிராண்டை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நாமெல்லாம் தனியாக ரேம் வாங்கிப் போட்டதில் பாதி அதுதான். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று 8 ஜிபியில் வாங்கினால் அந்தப் பிறகு நமக்குக் கட்டுப்படியாகாது.

வெள்ளி, 12 டிசம்பர் 2025

காலை 6:15 | பெரியப்பா: காலை வணக்கம் 🙏

காலை 6:40 | அப்பா: ரமேஷ், மொத்தம் எவ்வளவு ஆகும். ரெண்டு லேப்டாப் பேரு சொல்லு போதும்

காலை 7:20 | ரமேஷ் அண்ணன்: இரண்டே இரண்டு சித்தப்பா.

ஒன்று, மேக்புக் ஏர் எம்4, 13 இன்ச். 1.24 கிலோ. இந்த மார்ச்சில் 99,900க்கு வந்தது. 16 ஜிபியிலிருந்து தொடங்குகிறது, அது நல்ல விஷயம். ஃபேனே கிடையாது, சத்தம் வராது. சார்ஜர் உள்ளங்கை அளவுதான். பேட்டரி ஒரு நாள் வேலைக்குத் தாராளம், சார்ஜரை வீட்டிலேயே விட்டுப் போகலாம். பின்னால் ஐபோன் ஆப் எழுதச் சொன்னால் அதற்கு மேக் கட்டாயம் வேண்டும். குறை: எஸ்எஸ்டி 256தான். எமுலேட்டர், டாக்கர் இமேஜ் எல்லாம் சேர்ந்தால் ஒரு வருடத்தில் இடம் நெருக்கும். ஃபேன் இல்லாததால் நீண்ட பில்டில், அதாவது எழுதியதை ஆப்பாக மாற்றும்போது, சூடேறிக் கொஞ்சம் வேகம் குறையும்.

இரண்டு, திங்க்பேட் ஈ14. ஒன்றரை கிலோவுக்குள். அப்பா கேட்ட மாதிரி சால்டர் இல்லாமல் ரேமுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கிற இன்டெல் மாடலைப் பார்த்து எடுக்க வேண்டும். கீபோர்டு நன்றாக இருக்கும், விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்கிற லினக்ஸ் போட்டால் பிரச்சினை இல்லாமல் ஓடும். விலையும் குறைவு. மிச்சப் பணத்தில் இப்போதே 32 ஆக்கிவிடலாம். குறை: பேட்டரி ஏர் அளவுக்கு நிற்காது, சார்ஜர் கூடவே போகும்.

எக்ஸ்1 கார்பன் என்று ஒன்று ஒரு கிலோவுக்கும் கீழே வருகிறது. அதன் விலைக்கு ஆச்சி இன்னும் மூன்று சீட்டு எடுக்க வேண்டும்.

காலை 7:22 | பெரியப்பா: இரண்டாவது

காலை 7:24 | அம்மா: கனம் குறைஞ்சது எது

காலை 7:24 | பிரபு: ஏர்

காலை 7:25 | அம்மா: அப்போ அதுதான்

காலை 7:31 | வசந்தி அத்தை: பக்கத்து வீட்டுப் பையன் ரிச்சி தெருவில் பாதி விலைக்கு வாங்கியிருக்கான். பழசுதான், ஆனா புதுசு மாதிரி இருக்கு

காலை 7:40 | ரமேஷ் அண்ணன்: தவறில்லை அத்தை, நானும் அப்படி வாங்கியிருக்கிறேன். ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தையது என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கு அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, வாங்கும்போது இருந்த கொள்ளளவும் இப்போது நிறைகிற அளவும் எவ்வளவு என்று கடையிலேயே பார்க்க வேண்டும். முதல் வேலை, தினமும் ரயில். எனக்கு மனம் புதிதைத்தான் சொல்கிறது.

காலை 7:44 | கயல்: அண்ணா, டீம் லீடிடம் கேட்டுவிட்டேன். இரண்டு பேர் மேக், மற்றவர்கள் உபுண்டு. உனக்கு எது வசதியோ அது என்றார்.

காலை 7:46 | ரமேஷ் அண்ணன்: டாக்கர் இமேஜ் எல்லாம் ஆர்முக்கும், அதாவது மேக்கில் இருக்கிற சிப் வகைக்கும், பில்ட் பண்ணியிருக்கிறார்களா? அதை மட்டும் கேள். இன்டெல் இமேஜ் மட்டும் என்றால் மேக்கில் மொழிபெயர்த்துத்தான் ஓடும், மெதுவாக இருக்கும்.

காலை 7:47 | கயல்: கேட்கிறேன்

காலை 9:05 | செங்கல்பட்டு மாமா: நாளைக்கு எனக்கு லீவு. கயலைக் கூட்டிப் போகட்டுமா

காலை 9:06 | வசந்தி அத்தை: சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது

காலை 9:06 | பிரபு: ஏர் அலுமினியம் அத்தை

காலை 9:07 | வசந்தி அத்தை: உள்ள ஆணி இருக்கும்ல

காலை 9:09 | செங்கல்பட்டு மாமா: ஞாயிறு என்றால் ரிச்சி தெரு பெரும்பாலும் அடைத்திருக்கும். மால்ல போய்ப் பார்க்கலாம். 4:30க்கு ராகுகாலம், அதற்குள் பில் போட்டுடலாம்

காலை 9:15 | கயல்: மீதிப் பணத்துக்கு நான் இஎம்ஐ போட்டுக்கொள்கிறேன். மாதம் தரும் 2,000 அதற்கே போகும்

காலை 9:16 | பெரியப்பா: கடன் வேண்டாம் தாயி. என்னிடம் இருக்கிறது

காலை 9:18 | அப்பா: வேண்டாம் அண்ணே. முன்னாடி வாங்கியதே பாதி நிக்குது

காலை 9:20 | பெரியப்பா: அதை நான் கேட்டேனா தம்பி. நேற்று வாய் தவறி வந்தது

காலை 9:31 | அப்பா: சரி அண்ணே. சாயங்காலம் வீட்டுக்கு வாரேன்

காலை 9:33 | வசந்தி அத்தை: பொங்கலுக்கு டிக்கெட் என்ன ஆச்சு. நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் 86

காலை 9:33 | சுதா மதினி: எங்களுக்கும் கிடைக்கல

காலை 9:34 | செங்கல்பட்டு மாமா: முத்துநகர் பாருங்க

இரவு 8:02 | கயல்: அண்ணா, லீட் இன்னும் பதில் போடவில்லை. ஞாயிறு கடையில் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வீடியோ கால் பண்ணட்டுமா

இரவு 8:04 | ரமேஷ் அண்ணன்: பண்ணு. கீபோர்டில் பத்து நிமிடமாவது டைப் பண்ணிப் பார். பெட்டியில் ரேம் எவ்வளவு என்று எழுதியிருக்கிற இடத்தை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பாமல் பணம் கட்டாதே

இரவு 8:09 | அப்பா: அந்த 1.24 சார்ஜர் சேர்த்தா சேர்க்காமலா

இரவு 8:10 | ரமேஷ் அண்ணன்: சேர்க்காமல் சித்தப்பா

இரவு 8:11 | அப்பா: வசந்தி, உன் வீட்டில் தராசு இருக்கா

இரவு 8:12 | வசந்தி அத்தை: மாவு நிறுக்கிற சின்னது இருக்கு. அஞ்சு கிலோ வரைக்கும் காட்டும்

இரவு 8:12 | அப்பா: ஞாயிறு மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடு

இரவு 8:13 | வசந்தி அத்தை: மாலுக்கா சின்னண்ணே

இரவு 8:13 | அப்பா: ஆமா. ரெண்டையும் சார்ஜரோட வச்சுப் பார்க்கணும்

இரவு 8:20 | பெரியப்பா: நெல்லை வெயிட்டிங் இப்போது எவ்வளவு

இரவு 8:21 | செங்கல்பட்டு மாமா: 79