புதுப்பிப்பு: செட்டிநாட்டு வீட்டு முகப்பும் பால்வெளியும்

கானாடுகாத்தானில் ராத்திரி வானத்துப் பால்வெளியோடு (மில்கி வே) பழைய வீட்டு முகப்பைப் படம் எடுத்தால் வீடு கருப்பாகிறது, டார்ச் அடித்தால் சுவர் வெளுத்துவிடுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். மங்கலான எல்இடி பேனலை எக்ஸ்போஷர் முழுக்க, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க, எரியவிடச் சொன்னீர்கள். நன்றாகவே வேலை செய்கிறது.

லென்ஸ் 14 மி.மீ., அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 2.8, எக்ஸ்போஷர் 20 விநாடி, சென்சாரின் ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200. பேனலை அணைத்துவிட்டு வானத்துக்கு மட்டும் செட்டிங் முடிவு செய்தேன். அப்புறம் கேமராவைத் தொடவில்லை, வெளிச்சத்தை மட்டும் மாற்றினேன். பேனலைக் குறைந்தபட்சத்தில் வைத்தும் அதிகம்தான். மேலே பட்டர் பேப்பர் ஒட்டி, ஸ்டாண்டைத் தள்ளி வைத்தேன். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். சுண்ணாம்பு மெழுகிய சுவர் லேசுப்பட்டதல்ல, கேமரா பக்கத்திலிருந்து அடித்தால் பளபளப்பு அப்படியே திரும்பி வரும். இடது ஓரத்தில் சாய்வாக வைத்ததும் வாசலுக்கு மேலிருக்கும் சுதை லட்சுமியின் சேலை மடிப்புகள்கூட நிழலோடு எழும்பி வந்தன.

திண்ணைத் தூண்கள் இன்னும் இருட்டுதான். எனக்கு அது போதும். வானத்தைவிட வீடு ஒரு ஸ்டாப் குறைவாக, அதாவது பாதி வெளிச்சத்தில், இருந்தால்தான் ராத்திரி என்றே தோன்றுகிறது. தூணும் தெரிய வேண்டும் என்பவர்கள், கேமரா முக்காலியை அசைக்காமல் வீட்டை மட்டும் தனியாக 3, 4 நிமிட எக்ஸ்போஷரில் எடுத்து வானத்தின் படத்தோடு சேர்த்துக்கொள்ளலாம்.