கிராம சபையில் மரபணு மாற்றுப் பயிர் விவாதம்: தீர்மானத்தை எப்படி எழுதுவது?

அணைக்கட்டு கொல்லை:
வணக்கம். அக்டோபர் 2 கிராம சபையில மரபணு மாற்றுப் பயிரைப் பத்திப் பேசணும்னு எங்க பக்கத்து கத்தரி விவசாயிங்க கேக்கறாங்க. எல்லாருக்கும் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர்தான். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023ல புவிசார் குறியீடு வந்தாச்சு. புழுவைக் கொல்ற பாக்டீரியா மரபணுவைச் சேர்த்த பிடி (Bt) கத்தரி வந்தா அந்த விதை என்னாகும்ங்கறதுதான் கவலை. "எதிர்க்கிறோம்"னு ஒரு வரி எழுதிட்டுக் கலைஞ்சு போறதுல இஷ்டமில்ல. உருப்படியா என்ன செய்யலாம்?

விதைக்காரர்:
தம்பி, எது வந்திருக்கு, எது வரலைன்னு முதல்ல பிரிச்சுக்கங்க. பாதி நேரம் இந்தக் குழப்பத்துலயே போயிடும். கடையில வாங்கற எஃப்1 ஹைபிரிட் கத்தரி ரெண்டு ரகத்தைக் கலந்தது, மரபணு மாற்றுப் பயிர் இல்ல. அதுல விதை எடுத்துப் போட்டா செடி ஒண்ணுபோல வராது, அது வேற விஷயம். இந்தியாவுல நம்ம நிலத்துல போட அனுமதி இருக்கற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி மட்டும்தான், 2002லேருந்து.

பிடி கத்தரிக்கு 2009 அக்டோபர்ல மத்திய அரசோட மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு ஒப்புதல் கொடுத்துச்சு. அப்புறம் அப்போ மத்திய சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்ல கருத்துக் கேட்டார். தமிழ்நாட்டுல ஒரு ஊர்கூட கிடையாது, நமக்குக் கிட்ட இருந்தது பெங்களூருதான். 2010 பிப்ரவரி 9ல நிறுத்தி வச்சார். மரபணு மாற்றுக் கடுகு வழக்குல 2024 ஜூலையில உச்ச நீதிமன்றத்து ரெண்டு நீதிபதிகளும் வேற வேற தீர்ப்பு சொன்னாங்க. ஆனா விவசாயிகளையும் கலந்து தேசியக் கொள்கை வகுக்கணும்ங்கறதுல ஒத்துப்போனாங்க. தீர்மானத்துக்கு ஆதாரம் அதுதான்.

இன்னொண்ணு: 2025 மே மாசம் அறிவிச்ச கமலா, பூசா டிஎஸ்டி 1 நெல் ரகங்கள் மரபணு திருத்தம் செஞ்சது. வெளி மரபணு இல்லாத இந்த வகைக்கு 2022லயே விதிகள்லேருந்து விலக்கு கொடுத்தாச்சு. "மரபணு மாற்று"ன்னு மட்டும் எழுதினா கழனிக்காரங்க கவலை தீர்மானத்துக்குள்ளயே வராது. தனியா எழுதுங்க.

நாட்டு ரகம்:
புவிசார் குறியீடு பெயரைத்தான் காக்கும், விதையைக் காக்காது. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தில் காய்க்கும், ஆனாலும் வண்டும் தேனீயும் கலப்பை உண்டாக்கும். சான்று விதைக்கே வேறு கத்தரி ரகத்திலிருந்து 100 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். ஒரு ஏக்கர் சதுரக் கொல்லையின் பக்கமே 64 மீட்டர்தான். பக்கத்துக் கொல்லைக்காரர் ஒத்துக்கொள்ளாமல் யாராலும் தனியாக விதையைக் காக்க முடியாது. இதைச் சபையில் சொல்லுங்கள், புரியும்.

இப்போதே செய்யக்கூடியது: மொட்டு விரிவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பட்டர் பேப்பர் கவர் போட்டுக் கட்டுங்கள். காலையில் கிளையை லேசாக ஆட்டினால்தான் மகரந்தம் உதிரும், இல்லாவிட்டால் பூ கொட்டிவிடும். பிஞ்சு பிடித்ததும் கவரை எடுத்து, காம்பில் நூல் கட்டி, மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். ஒரே செடியில் எல்லாக் காயையும் எடுக்காமல் பல செடிகளில் எடுங்கள். 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் உழவர் ரகமாகப் பதியவும் வழி உண்டு.

மருந்துக்கூலி:
விதையை மட்டும் பேசினா, வாரத்துக்கு ரெண்டு தடவை மருந்து அடிக்கறவன் எழுந்து போயிடுவான். பங்களாதேஷ்ல 2014லேருந்து பிடி கத்தரி போடறாங்க, மருந்துச் செலவு குறைஞ்சதா ஆய்வுகளும் இருக்கு. அதை மறைக்காதீங்க. ஆனா அது தண்டு, காய்ப்புழுவுக்கு மட்டும்தான். வெள்ளை ஈக்கும் சிற்றிலை நோய்க்கும் பிடி ஒண்ணும் பண்ணாது. பருத்தியில இளஞ்சிவப்பு காய்ப்புழு பிடியைத் தாங்கப் பழகிடுச்சே, ஏன்? புழு பழகாம இருக்க, சுத்தி சாதா பருத்தி போடறதுக்குத் தனியா 120 கிராம் பாக்கெட் கொடுத்தாங்க, விதைச்சவங்க குறைவு. ஒரு ஏக்கர்காரன் அஞ்சுல ஒரு பங்கைப் புழுவுக்கு எப்படி விடுவான்?

காய்ப்புழுவுக்கு வேற வழியும் இருக்கு: அந்துப்பூச்சியை இழுத்துப் பிடிக்கற இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5, வாடின நுனித்தண்டை வாரா வாரம் கிள்ளி எரிக்கறது. இதுவும் ஊரே சேர்ந்து செஞ்சாத்தான் பலிக்கும்.

தீர்மான நோட்டு:
நடைமுறை சொல்றேன். நோட்டீஸ் ஒட்டறதுக்கு முன்னாடியே பொருளை எழுத்துல கொடுங்க, முதல் அஞ்சுக்குள்ள வரணும். கடைசியில வந்தா சபையில ஆள் இருக்காது. மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதுக்கு மேல 300. குறைஞ்சது இத்தனை பேர் (குறைவெண்) வரலைன்னா எல்லாம் வீண்.

அதுக்கு முன்னாடி ஒரு உட்கார்வு வைங்க. 2001ல ஆந்திராவின் மேடக் மாவட்டத்துல 'பிரஜாதீர்ப்பு' (மக்கள் தீர்ப்பு)ன்னு நடந்துச்சு. பெரும்பாலும் பெண்களான சிறு விவசாயிங்க நடுவரா உக்காந்து, விஞ்ஞானி, கம்பெனி, அரசு எல்லாரையும் குறுக்குக் கேள்வி கேட்டாங்க. உங்க ஊர்ல பன்னெண்டு பேர் போதும். பாதிப் பேர் காய் பறிக்கற பெண்களா இருக்கட்டும், மருந்து வாடை அவங்க மேலதான். விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையத்துலேருந்து ஒருத்தரையும், எதிர்க் கருத்துள்ள ஒருத்தரையும் ஒரே நாள்ல கூப்பிடுங்க. பேச்சு கால் மணி, கேள்வி ஒரு மணி.

தீர்மானம் மூணு வரி: ஊரைக் கேக்காம இந்தப் பகுதியில களப் பரிசோதனைக்கு மாநில அரசு இசைவு தரக்கூடாது, திருத்தின நெல் விதைப் பையில "மரபணு திருத்தியது"ன்னு அச்சடிக்கணும், முள்ளுக் கத்தரி விதை எடுக்கற கொல்லைகளை ஊராட்சியோட பல்லுயிர் மேலாண்மைக் குழு பதியணும். மதிப்பீட்டுக் குழுவை இது கட்டுப்படுத்தாது, ஆனா களப் பரிசோதனைக்கு மாநில இசைவு வேணும்ங்கறதால மாநிலத்துக்குத்தான் எழுதணும். தீர்மான எண்ணோட நகல் வாங்கி, கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல கொடுத்து ரசீது வாங்கிக்கங்க.