10க்கு 10 ரூமுக்கு எந்த ஸ்டுடியோ மானிட்டர் (மிக்ஸிங் ஸ்பீக்கர்)?

கேள்வி: மாடி ரூம்ல தவில், நாதஸ்வரம் ரெக்கார்ட் பண்ணி மிக்ஸ் பண்றேன். யமஹா எச்எஸ்5ஆ, ஜேபிஎல் 305பியா? மேசை சுவரை ஒட்டித்தான் இருக்கு.

பதில்: ரெண்டும் 5 இன்ச் வூஃபர் (கனத்த சத்தம் தர்ற பெரிய ஸ்பீக்கர்), ரெண்டுக்கும் போர்ட் (பாஸ் சத்தம் வெளிய வர்ற ஓட்டை) பின்பக்கம். சுவரை ஒட்டி வச்சா தவிலோட தொப்பி (கனத்த சத்தம் வர்ற பக்கம்) வீங்கிக் கேக்கும். அதை நம்பி மிக்ஸ்ல பாஸைக் (கனத்த சத்தத்தை) குறைப்பீங்க, அப்புறம் கார்ல போட்டா தவில் மெலிஞ்சு போயிருக்கும். மேசையை முன்னால இழுங்க. முடியலன்னா எச்எஸ்5 பின்னால பாஸைக் குறைக்கிற ரூம் கண்ட்ரோல் சுவிட்சை -2 டெசிபல் இல்லன்னா -4ல வைங்க. என் ஓட்டு எச்எஸ்5க்குத்தான். நாதஸ்வரத்தோட கூர்மையை மறைக்காது.

கேட்டவர்: பாஸுக்குன்னு தனியா சப்வூஃபர் வேணுமாண்ணே?

பதில்: இந்த ரூமுக்கு வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்கு சத்தத்தை உறிஞ்சுற ராக்வூல் பேனல் வாங்கி மூலையில நிறுத்துங்க.

இன்னொருவர்: ட்வீட்டர் (கூர்மையான சத்தம் தர்ற சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துல இருக்கணும், மறந்துடாதீங்க.